விரிசல் விட்ட ஹோஸ்

சிங்காநல்லூரில் பட்டறையைத் திறந்ததும் கனகமணியின் முதல் வேலை, உள்ளே இருக்கும் பழைய கார்கள் எதுவும் நகரவில்லை என்று சாலையில் ஓடும் வண்டிகளைக் கண்காணிக்கும் அரசின் வழிவலைக்கு உறுதி சொல்வது. பெயர், கைரேகை, 'ஓடவில்லை' என்ற ஒரு சொல். அதன் பிறகே ஷட்டர் முழுதாக மேலேறும்.

பெட்ரோல் கார் வைத்துக்கொள்ளத் தடையில்லை. துடைக்கலாம், கண்காட்சியில் நிறுத்தலாம். என்ஜினின் காற்றிழுவையைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்களை, அந்த வேக்கம் ஹோஸ்களை, கழற்றிவிட வேண்டும். மாட்டிய கார் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டால் மாட்டியவருக்கு ஐந்து வருடம் சிறை.

"ஹோஸையெல்லாம் மாட்டித் தரணுங்க," என்றார் அன்று ஒரு பழைய பெட்ரோல் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த அருளானந்தம். வண்டி வைத்திருப்பவரின் கைகளாக அவை இல்லை, நகக்கண்ணில்கூட அழுக்கில்லை. "இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் மாட்டியிருக்கீங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க."

போன வருடம் அடுத்த தெருப் பட்டறைக்காரரை வாடிக்கையாளராக வந்த ஒரு அதிகாரிதான் பிடித்துக்கொண்டு போனார்.

"வண்டி எங்கீங்க போகுது?"

"சூலூருக்கு. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகணும்."

"தானூர்தியைக் கூப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துருமே."

"வந்துரும். அவ ஏறின அடுத்த நிமிஷம் அவ புருஷன் போனுக்கும் தகவல் போயிரும்."

அது உண்மைதான். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தானூர்தியின் ஒவ்வொரு பயணமும் குடும்பத்தார் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஒரு அதிகாரி கதை கட்டினாலும் இதையேதான் கட்டுவார்.

கனகமணி வேலையைத் தொடங்கினாள். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய ஹோஸ். பிரேக்குக்குத் தடித்தது. கடைசி ஹோஸுக்கு இழுப்பறையைத் திறந்தபோது புதியதும் இருந்தது, விரிசல் விட்ட ஒன்றும் இருந்தது. விரிசல் விட்டதை எடுத்து, விரிசல் கீழ்ப்பக்கம் மறையும்படி மாட்டினாள். சூடேறினால் அது விரியும், காற்று புகும், மூன்று கிலோமீட்டருக்குள் என்ஜின் அணைந்துவிடும். வந்தவர் அதிகாரியானால் வழக்கு நிற்காது. அதிகாரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

என்ஜின் சீராகப் பிடித்தது. அருளானந்தம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

தெருமுனையில் கார் மெதுவானது. சுவரோரம் காத்திருந்த ஒரு பெண் ஓடிவந்து இடக்கையால் கதவைத் திறந்தாள். வலக்கை கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கட்டுப்போட்டுக் கிடந்தது. ஏறியதும் பின்சீட்டில் படுத்துக்கொண்டாள்.

கனகமணி புதிய ஹோஸையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். சைக்கிளில் கண்காணிப்பு சிப் கிடையாது. வழிவலையின் கண்ணில் அது படாது.

சூலூர்ச் சாலையில், சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, பானெட் திறந்தபடி கார் நின்றது.

"நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சுங்க," என்றார் அருளானந்தம். நின்றுபோன வண்டியைப் பற்றி யாராவது தகவல் சொல்லிவிடுவார்களோ என்று, கடந்துபோகும் ஒவ்வொரு தானூர்தியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கொதிக்கும் என்ஜினுக்குள் கையை விட்டாள். விரல் சுட்டது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, கிளிப்பை இறுக்கிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சேதான் அதை மாட்டினேன். உங்களை அதிகாரின்னு நினைச்சேன்."

அவர் சாலையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "நானும் உங்களை அப்படித்தான் நினைச்சேன். அதான் முன்னாடி யாருக்காச்சும் மாட்டியிருக்கீங்களான்னு விசாரிச்சேன்."

பின்சீட்டில் அவர் தங்கை ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. "இப்ப மாட்டினதுலயும் ஏதாச்சும் இருக்குங்களா, அக்கா?"

"இல்லம்மா. இது புதுசு."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். பிறகு தமையனிடம் திரும்பினாள். "அண்ணா, சூலூர் வேண்டாம். வேற எங்கயாச்சும் போயிரலாம்."

எங்கே என்று இருவருமே சொல்லவில்லை. சாவியைத் திருப்பியும் அருளானந்தம் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எதற்காகக் காத்திருக்கிறார் என்று கனகமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதபடி சாலைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். சத்தம் முழுதாக ஓயும்வரை அப்படியே நின்றாள்.