ஐந்தாவது ஜோடி

படியில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. வார்டில் பெண்கள் நான்கு பேர்தான்.

சுப்புத்தாயின் கட்டில் வாசலை ஒட்டியது. படுத்தபடியே தலையைத் திருப்பினால் கம்பிக் கதவு வழியாகப் படி தெரியும். அவள் மறுபடி எண்ணினாள். கறுப்பு ரப்பர் செருப்பு அவளுடையது. அதற்குப் பக்கத்தில் மூன்று ஜோடி, எல்லாம் தெரிந்தவை. ஐந்தாவது ஜோடி ஒரு முழம் தள்ளி, கூப்பிடாமல் வந்த ஆள் போலத் தயங்கிக் கிடந்தது. ஊதா வார். இடது செருப்பின் வாரில் ஒரு கிழிசல். அதைப் பின்னூசி குத்தி இழுத்துப் பிடித்திருந்தது.

வாளியோடு வந்த சங்கிலிமுத்து படிக்கு முன்னால் நின்று விரலை நீட்டினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியா இருக்கு."

விரல் ஊதா வாரைத் தொடாமல் மடங்கிக்கொண்டது.

அந்தச் சிறிய மனநல மருத்துவமனை நாரணாபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முன்பு தீக்குச்சி அடுக்கும் குடோனாக இருந்த கட்டிடம் அது. ஈரம் ஏறாமல் இருப்பதற்காகச் சுவர்களை இரண்டடிக் கனத்தில் எழுப்பியிருந்தார்கள்; வாசல் ஒன்றுதான்; காற்றுக்குக் கூரையோரமாகக் கைப்பிடி அகலத்தில் திறப்புகள். டாக்டர் ஜெபிஷா விருதுநகரிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர் ஞானபூரணிதான். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கும் தரை என்பதால் செருப்பை வெளியே விட வேண்டும். அதிலிருந்துதான் சங்கிலிமுத்து தன் கணக்கைக் கண்டுபிடித்தான். மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்களை எழுப்பித் தலையை எண்ண வேண்டாம். படியைப் பார்த்தால் போதும். நான்கு ஜோடி இருந்தால் நான்கு பேரும் உள்ளே. மூன்று இருந்தால் ஒருத்தி தோட்டத்துப் பக்கம். ஒன்றுமே இல்லையென்றால் உள்ளே யாரும் இல்லை, பூட்டிக்கொள்ளலாம். மூன்று வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை.

"கோயில் வாசல்ல உக்காந்து இதே வேலையப் பாத்தா ஜோடிக்கு ரெண்டு ரூவா தருவாக. இங்கன ஓசில எண்ணுறேன்" என்பான்.

மற்ற பெண்கள் சிரிப்பார்கள். சுப்புத்தாய் சிரித்ததில்லை. செருப்பை வைத்து ஆளை எண்ணுவது அவளுக்குப் பழைய பழக்கம்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு அறைக்கு நான்கு பேர்தான், சுவரிலேயே எழுதியிருக்கும். காரணம் எளிது: ஒன்று வெடித்தால் பக்கத்து அறை பற்றக் கூடாது, போகிற உயிர் நான்கைத் தாண்டக் கூடாது. செருப்போடு உள்ளே போகக் கூடாது. செருப்படியில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், வெடிமருந்தில் உராய்ந்தால் பொறி. அதனால் முப்பது அடி தள்ளி வேப்பமரத்தடியில் செருப்பை விட்டுவிட்டு, வெறுங்காலோடு வந்து, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்சாரத்தை மண்ணுக்கு விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சோதனைக்கு வருகிற ஆபீசர் அறைக்குள் போக மாட்டார். மரத்தடியைப் பார்ப்பார். நான்கு ஜோடி. சரி.

அன்று சீசன் உச்சம். ஆர்டர் முடியவில்லை. சுப்புத்தாய் தன் அக்கா மகள் வேல்விழியைப் பின்வேலி வழியாகக் கூட்டி வந்திருந்தாள். போர்மேனுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, மகள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"ஒரு போன் வாங்கணும் சித்தி. அம்மாகிட்ட சொல்லிராதீக."

பதினொரு மணிக்கு ஆபீசர் ஜீப் வருகிறது என்று பேச்சு பரவியது. சுப்புத்தாய் எழுந்து போய், வேல்விழியின் ஊதா வார் செருப்பை எடுத்துத் தன் சோற்றுப் பைக்குள், தூக்குச் சட்டிக்கு அடியில் திணித்தாள். பையை மரத்தில் மாட்டினாள். தன் செருப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போனாள். தம்ளரை வாயில் வைத்தபோது அறை வெடித்தது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் மூன்று உடல்களை எடுத்தார்கள். மரத்தடியில் மூன்று ஜோடி. தொட்டிப் பக்கம் விழுந்து கிடந்தவளின் காலில் ஒரு ஜோடி. ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த ஒருவர் குனிந்து, "ரூம்ல மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று கேட்டார். காது அடைத்திருந்தது. உதட்டசைவைப் பார்த்தே புரிந்தது. வேலைக்குச் சேரும் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், நாலு பேரு. சுப்புத்தாயின் கை தானாக எழுந்து நான்கு விரலைக் காட்டியது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். தேடுவதை நிறுத்தினார்கள்.

இரவில் அவளுக்கு நினைவு முழுசாகத் தெளிந்தது. நர்ஸ் மூன்று முறை பக்கத்தில் வந்து போனாள். சொல்லியிருக்கலாம். வேல்விழி எப்படியும் ஓடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்றும் நினைத்தாள். விடிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஜேசிபி சுவரைப் புரட்டியது. அடியில் ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு இடம் இருந்தது. அதற்குள் வேல்விழி. கை எட்டிய தூரம் வரை சுவர்ப் பூச்சு சுரண்டப்பட்டிருந்தது. விரல்களில் நகம் இல்லை. விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள்.

அவள் அங்கே எப்படி வந்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. சுப்புத்தாய் சோற்றையும் பேச்சையும் விட்டாள். அக்கா சோலையம்மாள்தான், மகள் செத்த இருபதாம் நாள், தங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து இங்கே சேர்த்தாள்.

புதன்கிழமை காலை ஐந்தாவது ஜோடி மற்றவற்றின் வரிசைக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை சுப்புத்தாயின் கறுப்புச் செருப்பை ஒட்டிக் கிடந்தது. சங்கிலிமுத்து நான்குதான் எண்ணினான். மத்தியானச் சோறும் மாத்திரையும் முடிந்து வார்டு மொத்தமும் தூங்கும் நேரத்தில், மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில், தலைமாட்டுச் சுவரிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அடிப்பிடித்த சட்டியை நகத்தால் சுரண்டுவது போல. நிற்கும். கொஞ்ச நேரம் யோசிக்கும். மறுபடி சுரண்டும். பினாயில் வாசனையை ஊடுருவிக் கந்தக நெடி வந்தது. துடைத்து ஈரம் காயாத தரையில், வாசலிலிருந்து அவள் கட்டில் வரை, வெள்ளி நிறத்தில் ஒரு தூள் மின்னியது. அலுமினியப் பொடி. அது தண்ணீரில் போகாது, தோலில் ஒட்டினால் ஒரு வாரம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சிஸ்டரிடம் சொன்னாள். பை, செருப்பு, நான்கு விரல், எல்லாம்.

ஞானபூரணி நல்லவள். கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"இங்கன பாருங்கக்கா. காய்ச்சல் வந்தா உடம்பு சுடும்ல? அந்த மாதிரி இந்த வியாதி வந்தா மனசு பழியத் தேடும். நடந்த எல்லாத்துக்கும் நாமதான் காரணம்னு கதை கட்டும். நீங்க ஒண்ணும் செய்யல."

"நான்தான் சிஸ்டர் எடுத்து வச்சேன். அந்தச் செருப்பு வெளிய கெடக்கு. பாருங்க."

ஞானபூரணி எழுந்து போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள். "நாலு ஜோடிதான் இருக்குக்கா" என்றாள், மெதுவாக. பிறகு குறிப்பேட்டில் எழுதினாள். அன்று மாலை டாக்டர் ஜெபிஷா அதைப் படித்துவிட்டு ஊசி மருந்தின் அளவைக் கூட்டினார்.

அந்த மருந்து மண்டைக்குள் குரல்களை அடக்கும். சில பேருக்குக் கூடவே தசையையும் இறுக்கிவிடும். சனிக்கிழமை சுப்புத்தாயின் கால்கள் கனத்தன. ஞாயிற்றுக்கிழமை காலை தாடை ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"பயப்படாதீக, இதுக்கு ஒரு வெள்ளை மாத்திரை இருக்கு, போட்டா தளர்ந்துரும். இங்கன தீந்துபோச்சு. நாளைக்கு விருதுநகர் போறோம்ல, அங்கன வாங்கித் தாரேன்" என்றாள் ஞானபூரணி. வார்டில் மூட்டைப்பூச்சி ஏறியிருந்தது. புகை மருந்து வைத்து, வாசல் இடுக்கையெல்லாம் தாள் ஒட்டி அடைத்து, இரண்டு நாள் மூடிவைப்பார்கள். அதுவரை விருதுநகர் மையத்தில் தங்கல். எல்லோரையும் வேனில் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

பதினொரு மணிக்கு சோலையம்மாள் வந்தாள். மெலிந்து, பாதியாகியிருந்தாள். கையில் அதே சோற்றுப் பை.

"சாப்பிடு தாயி. வெந்தயக் குழம்பு வச்சிருக்கேன்."

சுப்புத்தாய் திறக்காத வாயால், ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னாள். நான் கூட்டிட்டுப் போனேன். நான் ஒளிச்சேன். நான் நாலுன்னு காட்டினேன்.

சோலையம்மாளின் கண் நிறைந்தது. தங்கையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"சிஸ்டர் சொன்னாக. இப்பிடியெல்லாம் பேசுவா, மனசுல வச்சுக்காதீகன்னாக. உம்மேல எனக்கு என்னடி கோவம்? எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"பையில... பாரு."

"இந்தப் பையிலயா? ரெண்டு மாசமா இதுலதான் உனக்குச் சோறு கொண்டாறேன். ஆஸ்பத்திரியில குடுக்கும்போதே சட்டி மட்டுந்தான் இருந்துச்சு."

பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினாள். அடியிலிருந்து வெள்ளித் தூள் கொஞ்சம் உதிர்ந்து போர்வையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்காமலே தட்டிவிட்டாள்.

சொல்வதற்கு மீதமிருந்த ஒரே ஆளிடமும் சொல்லியாகிவிட்டது. அக்கா போகும்போது படியில் தன் செருப்பைத் தேடி, ஊதா வாரைத் தாண்டிக் காலை வைத்து இறங்கியதை சுப்புத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. சுப்புத்தாய் வார்டின் கோடியில் இருந்த குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து ஞானபூரணியின் குரல் கேட்டது.

"எல்லாரும் செருப்பப் போட்டுட்டு வாங்க!"

அவள் சுவரைப் பிடித்துத் திரும்பினாள். கால் நகரவில்லை. ஒரு அடி. இன்னொரு அடி. வெளியே செருப்புகள் சரசரத்தன. ஒருத்தி. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது.

"உள்ள யாரும் இருக்கீகளா?" என்றான் சங்கிலிமுத்து. பிறகு, பழக்கத்தில், படியைப் பார்த்திருப்பான்.

"ஒண்ணும் இல்ல. எல்லாரும் போயாச்சு. நீ மருந்தப் பத்தவைப்பா" என்றான், புகை மருந்து வைக்க வந்தவனிடம்.

வாசலோரம் தீக்குச்சி கிழிக்கும் சத்தம். கம்பிக் கதவுக்கு மேலாக மரக்கதவும் சாத்தப்பட்டது. பூட்டு. தாள் ஒட்டும் பசைத் தூரிகை கதவிடுக்கில் மேலும் கீழும் போய்வந்தது.

அவள் கத்தினாள். பல்லுக்குப் பின்னால் நாக்கு புரண்டது. அவ்வளவுதான்.

கதவை அடித்தாள். கனத்த கதவு. வெளியே வேனின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. வாசலோரச் சட்டியிலிருந்து புகை தரையோடு படர்ந்து வந்தது. கட்டிலைப் பிடித்து ஏறினாள். தலைமாட்டுக் கம்பியில் கால். மேலே திறப்பு. கண் மட்டும் எட்டியது.

முற்றத்தில் வெயில். வெள்ளை வேன். மூன்று பெண்கள் ஏறியிருந்தார்கள். நான்காமவள் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் காலில் கறுப்பு ரப்பர் செருப்பு. சுப்புத்தாயின் பச்சைச் சேலை. பின்னலில் வெள்ளித் தூள்.

ஞானபூரணி அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"பாத்து ஏறுங்க சுப்புத்தாயக்கா. இன்னைக்கு நடை நல்லாயிருக்கே! சொல்லுங்க பாப்போம், உங்களோட சேத்து மொத்தம் எத்தனை பேரு?"

சுப்புத்தாய் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. சுரண்டினாள். அந்தச் சத்தம். அடிப்பிடித்த சட்டியை நகத்தால் சுரண்டுவது போல. இத்தனை நாளும் தலைமாட்டில் கேட்டது இதைத்தான்.

நெடி மூக்கில் ஏறியது. கீழே பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், புகைக்குள், ஊதா வார் செருப்பு. அவள் இறங்கினால் கால் நுழைய வசதியாக, சேர்த்து வைத்திருந்தது.

மேலே பார்த்தாள். வேன் நகர்ந்தது. ஜன்னலோரத்தில் அவளுடைய சேலை கட்டியவள் திறப்பையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்கியிருந்தாள்.

நகமில்லாத நான்கு விரல்.

சாலைத் திருப்பம் வரை அந்தக் கை இறங்கவே இல்லை.