எடை ஏறாத குட்டி

தராசுத் தட்டில் நாய்க்குட்டி அசையாமல்தான் உட்கார்ந்திருந்தது. இருந்தும் அவள் அதைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். முள் அதே கோட்டில் போய் நின்றது. அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நின்ற அதே கோடு.

தராசுதான் பழுதோ என்று ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தும் பார்த்துவிட்டாள். பொட்டலத்துக்குச் சரியாகத்தான் காட்டியது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் உதவியாளாக இருந்தவள். கைப்பைக்குள் அடங்குகிற இந்தப் பொம்மை ஜாதிக் குட்டிகள் எத்தனையோ அவள் கையில் வளர்ந்து போயிருக்கின்றன. எவ்வளவு சின்ன ஜாதியானாலும் இந்த வயதில் எடை நாளுக்கு நாள் துளியாவது ஏறவேண்டும். ஏறாமல் நின்றால் ஆபத்து. புருஷன் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது அவளைத் தன் அம்மாவிடம் கொண்டுவந்து விட்டான். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். "இப்பதான் கண்ணு தொறந்துருக்கு" என்று மாமியார் இந்தக் குட்டியை அவள் மடியில் வைத்ததும் அன்றைக்குத்தான். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். குட்டி அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள். "அத்தை, இதுக்கு வயிறு காயவே கூடாது. ரத்தத்துல சர்க்கரை இறங்கி அப்படியே மயங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும்."

மாமியார் கோபப்படவில்லை. சிரித்தாள். "டாக்டர் பக்கத்துல நின்னா டாக்டராயிட முடியுமா கண்ணு? குட்டின்னா குட்டியாத்தான் இருக்கணும். வளந்ததெல்லாம் வாசல் தாண்டிப் போயிடும்."

சொல்லிக்கொண்டே குட்டியை மார்போடு அணைத்து, ஒரு கரண்டி பாலில் பழுப்புக் குப்பியிலிருந்து மருந்தைச் சொட்டவிட்டு, பெற்ற தாய் மாதிரி ஊட்டினாள். சத்து மருந்தாம். மருமகள் குடிக்கும் பாலிலும் அதே மருந்துதான் கலந்து வரும். வாய்விட்டுக் கேட்காமலே வேளை தவறாமல் வரும். இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, ஈரச் சுவரின் வாடையும் எப்போதோ கொதித்து வழிந்த பாலின் வாடையும் கலந்து வீடு முழுக்க மந்தமாகத் தேங்கி நிற்க, விளக்குப் போடாத கூடத்தில் நாற்காலிகளின் நிழல்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகிடக்க, தராசிலிருந்து குட்டியை எடுத்தவள் அது கைக்குள் துணி மாதிரித் தொய்வதை உணர்ந்தாள்.

உடம்பு சில்லிட்டிருந்தது. தலை நிற்கவில்லை.

இது அவளுக்குத் தெரிந்த வேலை. பதறாமல் அடுப்படிக்கு ஓடி, விரலில் தேனைத் தொட்டு, குட்டியின் உதட்டை விலக்கி ஈறில் தடவினாள். புடவை முந்தானையில் சுற்றி நெஞ்சின் சூட்டில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. இன்னும் கொஞ்சம் தடவலாம் என்று வாயை நன்றாகத் திறந்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

பால்பல் இல்லை. ஊசி மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் தேய்ந்து மழுங்கிய பற்கள். பழுப்பேறி, அடியில் காவி படிந்து, இரண்டு விழுந்தும் போயிருந்தன.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். எடையையும் பல்லையும் சொன்னாள்.

"நீ சொல்றது கிழட்டு நாயோட பல்லும்மா. அந்த எடையில எந்த நாயும் அவ்வளவு வருஷம் உயிரோட இருக்காது. உடனே தூக்கிட்டு வா, பாத்துடலாம்." பிறகு, வேறு குரலில், "ஆமா, நீ எப்படி இருக்கே? வயிறு நல்லா தெரியுதா?"

அவள் குனிந்து பார்த்தாள்.

புடவை மடிப்பு நேராகக் கீழே இறங்கியிருந்தது. நாலாம் மாதம் இருந்த மேடு. அவ்வளவுதான். மாமியார் கேலி செய்வது ஞாபகம் வந்தது. "எங்க வீட்டுப் பிள்ளைங்க அடக்கம். அம்மாவுக்குச் சிரமமே வைக்காது." ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கேட்டபோதெல்லாம் மழை, வெயில், நாள் சரியில்லை.

"வரேன் டாக்டர்," என்றாள். மறுபடி சொன்னாள். "வரேன்."

வாசல் கதவைத் திறந்தாள். அதற்கப்பால் இரும்புக் கேட். பூட்டியிருந்தது. வழக்கம்தான். திருட்டுப் பயம் என்று மாமியார் எப்போதும் பூட்டிக்கொண்டுதான் போவாள். அவளும் இதுவரை அதை வெளியிலிருந்து வருபவர்களுக்கான பூட்டு என்றே நினைத்திருந்தாள். கொல்லைக் கதவுக்கு ஓடினாள். அங்கும் பூட்டு. ஜன்னல்களில் கம்பி. கத்திப் பார்த்தாள். மழை அதை விழுங்கிக்கொண்டது. மறுபடி போன் போட்டாள்; லைன் கிடைக்கவில்லை.

இன்னொரு சாவி இருக்கும். இருந்தால் மாமியார் அறையில்தான் இருக்கும். அவள் கால் வைத்திராத அறை.

குட்டியை முந்தானையோடு இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் இல்லை. இருட்டு. பவுடர் வாசனை, புளித்த பால் வாசனை, அதற்கு அடியில் வேறொன்று. வயதானவர்களின் படுக்கையில் வருகிற வாசனை. அலமாரியைத் தடவினாள். தலையணைக்கடியில் தேடினாள். சாவி இல்லை.

கட்டிலுக்கு அந்தப்பக்கம் ஏதோ அசைந்தது.

இன்னொரு குட்டி என்று நினைத்தாள். பிரம்புத் தொட்டில். மேலே ஒரு வெள்ளைத் துணி. துணி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ம்மா."

குரைப்பு இல்லை. அழுகையும் இல்லை. கரகரத்த குரல். ஆம்பிளைக் குரல்.

பின்னால் கேட் திறந்தது. மூடியது. பூட்டு விழுந்தது. அவளால் திரும்ப முடியவில்லை. கை தானாகத் துணியை விலக்கியது.

முகம். உள்ளங்கை அகலம். நரைத்த தாடி. வழுக்கை. கன்னமெல்லாம் சுருக்கம். குழந்தைச் சட்டை.

"முழிச்சுட்டானா?" குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாமியார் அறை வாசற்படியில் நின்றாள். குரலில் அத்தனை வாஞ்சை. "பயப்படாதே கண்ணு. இவன்தான் என் மூத்த பிள்ளை. சின்னவனைத்தான் ஊரார் பேச்சைக் கேட்டு வளர விட்டுட்டேன். கப்பலேறிப் போயிட்டான் பாத்தியா?" பக்கத்தில் வந்து அவள் தோளைப் பிடித்து மெல்லக் கீழே உட்கார வைத்தாள். பிடி இரும்பாக இருந்தது. "இவன் எங்கேயும் போகமாட்டான். உன்னதும் போகாது."

தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. தீக்குச்சி விரல்கள். மஞ்சள் நகங்கள். புறங்கையில் நரைத்த முடி. அது காற்றில் தடவித் தடவி வந்து அவள் வயிற்றின் மேல் படிந்தது.



உள்ளேயிருந்து, அதே இடத்தில், அதே அளவில் ஒரு கை அதைத் தொட்டது.