பதினோரு விலாக்கள்

தகடு உட்காரவில்லை. காலையில் மயிரிழை இடைவெளி இல்லாமல் படிந்திருந்த அதே தகடு, மத்தியானம் மர அச்சின்மேல் ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது.

கையாலேயே கட்டுகிற ஒரு காரின் மட்கார்டு அது. அச்சைச் செய்தவன் பட்டறைக்காரனின் மைத்துனன், மனைவியின் தம்பி. வளைத்து அறுத்த பதினோரு பலகைகளை விலா எலும்புபோல் வரிசையாக நிறுத்தியிருந்தான். தகட்டை அதன்மேல் வைத்துப் பார்ப்பது, எடுத்துத் தட்டுவது, மறுபடி வைத்துப் பார்ப்பது, இதுதான் பட்டறைக்காரன் வேலை. அவன் மனைவி செத்து ஏழு வாரம். மூன்றாம் நாளே பட்டறையைத் திறந்துவிட்டான். அழுகை வரவில்லை. பசியும்தான்.

"மாப்பிள்ளை, அச்சுல கை வெச்சியா?"

வாசலில் பலகை இழைத்துக்கொண்டிருந்த மைத்துனன் நிமிரவில்லை. "நான் எதுக்கு மாமா கை வைக்கப் போறேன்? ஈரக்காத்து. மரம் ஊதியிருக்கும்."

இருக்கலாம். கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டே இருக்க, மரச்சீவலின் வாசனையும் பழைய எண்ணெயின் வாசனையும் கலந்து அசையாமல் நிற்க, ஜன்னல் வெளிச்சம் அச்சின் இடுக்குகளுக்குள் எட்டாமல் வெளியிலேயே தேங்கிவிட, அவன் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

அது மெல்ல இறங்கியது. பிறகு மெல்ல ஏறியது.

அன்றைக்கு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மனைவிக்கு மூச்சுத் திணறியது. கூப்பிட்டிருப்பாள். எத்தனை தடவை என்று யாருக்கும் தெரியாது. அவன் தகடு தட்டிக்கொண்டிருந்தான்.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. சுற்றிலும் கிளாம்புகளை மாட்டி, ஒவ்வொன்றாக முறுக்கினான். தகடு அடங்கவில்லை. ஏற்றம் வேகமானது. இறக்கம் அதைவிட வேகமானது. மர விலாக்கள் கிறீச்சிட்டன.

சுத்தியலை எடுத்தான். தட்டினான்.

"மாமா, யாரோ கூப்பிடுற மாதிரி இல்ல?"

தட்டினான். இன்னும் பலமாக.

"மாமா."

தட்டினான்.

நின்றது.

தூறல் சத்தம் மட்டும். கிளாம்புகளைக் கழற்றினான். தகட்டைத் தூக்கினான். கனக்கவில்லை. புரட்டினான்.

உள்பக்கம் முழுக்க ஆவி படிந்திருந்தது, வாய் வைத்து ஊதிய கண்ணாடிபோல. அதில் ஐந்து விரல்களின் கோடுகள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஐந்தும் இன்னும் கொஞ்சம் கீழே இழுபட்டன.