வெறும் இடம் விடாதே

மூன்றாவது முறையும் நிலைகாட்டி நிரலின் தொகுப்பு பாதியில் நின்றது. இந்தத் துணைநிரல் இல்லை, அந்தத் துணைநிரல் இல்லை என்று திரை அடுக்கியது. செண்பகவல்லிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி ஒவ்வொண்ணா கேக்குதேக்கா!" என்று சிரித்தான் தம்பி பரிதி.

வெயிலுக்குத் தப்பி ஊர் சுரங்கத்துக்குள் குடியேறிய பிறகு, நிலைகாட்டியைப் பார்க்காமல் யாரும் வெளியே காலெடுத்து வைப்பதில்லை. வெளி வெப்பம், உள்காற்று, வெளியே போனவரின் நாடித்துடிப்பு எல்லாம் அதில் ஓடும். நிர்வாகம் கொடுத்த காட்டியோ கண்கொண்டு பார்க்கச் சகிக்காது. அதனால் மூலநிரலை வாங்கி அவரவரே தொகுத்துக்கொண்டார்கள். அழகுக்கு மட்டும் கதவுக்காவலர் மருதப்பனின் அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தார்கள். பொன்னிற எண்கள், மூலையில் குட்டிச் சூரியன். ஊரே அதில் மயங்கிக் கிடந்தது.

நான்காவது முறை காட்டி உயிர்பெற்றது. வெளியே: 36.

"முப்பத்தாறுதாண்டா! குளிரூட்டுற உடை எதுக்கு, தலைத்துணி போதும்" என்றாள். பரிதி சூரியத்தகடுகளைத் துடைக்கக் கிளம்பினான். சற்று நேரத்தில் அவன் நாடியும் திரையில் வந்தது: 88.

பொன்னிறத்தை நீலமாக்கலாமென்று அவள் கோப்பைத் திறந்தாள். நடுவில் ஒரு வரி இருந்தது: கருவியிலிருந்து விடை வராவிட்டால், ஊர்ச் சேமிப்பிலுள்ள கடைசி எண்ணையே காட்டு. பக்கத்தில் மருதப்பனின் குறிப்பு: "வெறும் இடம் இருந்தா பார்க்க அசிங்கமா இருக்கு."

அவள் வெளியிலிருந்த வெப்பமானியை நேராகவே கேட்டாள். பதில் இல்லை. விடியற்காலையிலேயே அது செத்துப்போயிருந்தது. இப்போது உச்சிவெயில்.

"பரி, திரும்பி வாடா! அந்த எண்ணு பொய்!"

"உடம்பு கொதிக்குதுக்கா..." வானொலியில் அவன் குரல் குழறியது. "ஆனா என் கையில கட்டியிருக்கிற காட்டியும் முப்பத்தாறுன்னுதானே சொல்லுது. எனக்குத்தான் காய்ச்சல் போல. கொஞ்சம் உக்காந்துட்டு..."

அதற்குமேல் பேச்சில்லை. அவள் கைத்திரையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

"அண்ணே, கதவத் தொறங்க! தம்பி விழுந்துட்டான்!"

மருதப்பன் தன் சுவரிலிருந்த காட்டியை நிதானமாகப் பார்த்தார். "ஏம்மா பதறுற? எண்பத்தெட்டு. நாடி ஜம்முனு இருக்கே. சும்மா சும்மா தொறந்தா உள்ள குளுமையெல்லாம் போயிரும்."

"அது பழைய எண்ணுண்ணே! இப்பப் பாருங்க!"

அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்துக் காட்டியை மறுபடி இயக்கினாள். முப்பத்தாறு மறைந்தது. எண்பத்தெட்டும் மறைந்தது. தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஐயோ, இதைப் பார்க்கவா அழித்தோம் என்று நினைத்தாள். திரையை அவரிடம் நீட்டினாள்.

மருதப்பன் முகத்தைச் சுளித்தார்.

"நல்லா இருந்தத நோண்டிக் கெடுத்து வெச்சிருக்கியேம்மா. கொண்டா இப்படி, என் கோப்பையே திரும்பப் போட்டுத் தரேன்."