மூன்று நாள் பேச்சு

தையல் மெஷினை நிறுத்திய பிறகுதான் அந்த வரியைப் பார்த்தாள். நூல்கண்டுப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில், பெரிய எழுத்தில், 'தூங்கிட்டாளா?' என்று வந்திருந்தது. அதற்குக் கீழே, 'ம்ம்.'

அந்த 'ம்ம்' அவளுடையதுதான். கேள்வி யாருடையது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. வாசல் கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் ஆறு மணிக்கு முன்னால் வரமாட்டான். பத்து மாதக் குழந்தை உள்ளறையில், தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. மாடி வீட்டு அக்கா டிவியை அலற விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அவளுக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாமே இந்த போன்தான். சுற்றி யார் பேசினாலும் எழுத்தாக்கிக் காட்டும் ஒரு ஆப் அதில் இருந்தது. திரையின் மேல் மூலையில் ஒரு நீல வட்டம். சத்தம் கிட்டத்தில் என்றால் பெரிதாகும், தள்ளிப் போனால் சுருங்கும். குழந்தை அழுதால் போன் அதிர்ந்து, 'குழந்தை அழுகிறது' என்று காட்டும். தொல்லையும் கொஞ்சநஞ்சமில்லை. நெட் படுத்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அவசரத்தில்தான் அப்டேட் கேட்கும். மூன்று நாள் பேச்சைத்தான் சேர்த்து வைக்கும், அதற்கே இடமில்லை என்று மூக்கால் அழும்.

"என்னைவிட உன் போனுக்கு நல்லா காது கேக்குது. பேசாம அதுகூடவே குடும்பம் நடத்து" என்பான் கணவன். ஆனால் குழந்தை முதல்முதலாக 'அம்மா' என்று சொல்லி, அது திரையில் வரும்போது தானே படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவதாகச் சொன்னவனும் அவன்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தினமும் போனைத் தொட்டிலருகே வைத்துக் காத்திருந்தாள்.

மாமியாருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "காது கேக்காதவ கையில பச்சப் புள்ளையா? எங்கிட்ட விட்டுடு, நான் வளத்துக் குடுக்கறேன்" என்று வரும்போதெல்லாம் சொன்னாள். இவள் தரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். ஒரே ஒரு தப்பு நடந்தால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் சோற்றில் கை வைக்கும்போதுகூட இருந்தது.

அந்த போன் வந்தும் மாறாத பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. யாராவது பக்கத்தில் வந்து நிற்பதாகத் தோன்றினால், என்ன கேட்டார்கள் என்று தெரியாமலே வாய் 'சரி' என்று சொல்லிவிடும். 'என்ன? என்ன?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு, எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். இப்படிச் 'சரி' சொல்லியே ஒருமுறை வாத்தியார் ஒருவரின் முழு பேண்ட்டை அரை பேண்ட்டாக வெட்டி வைத்தாள். மனிதர் நல்லவர், சிரித்துவிட்டுப் போனார்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கே கூடத்தின் மூலைகள் தெரியவில்லை. ஈரமண் வாசனையோடு, மூடி வைத்த பழைய பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாடையும் எங்கிருந்தோ வந்தது. பேங்க்காரரின் கோட்டை எடுத்தாள். கையை எவ்வளவு குறைக்கச் சொன்னார் என்பது மறந்துபோயிருந்தது. போனைக் கையில் எடுத்து, முந்தாநாள் பேச்சுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கிடைத்துவிட்டது. 'கை ஒன்றரை இன்ச் குறைச்சா போதும்மா. சனிக்கிழமை வாங்கிக்கறேன். வரேம்மா.' 'சரிங்க.'

அதற்குப் பத்து நிமிஷம் கழித்து இன்னொரு வரி இருந்தது.

'உள்ள வரலாமா?'

'சரி.'

பேங்க்காரர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தாரா? வரவில்லை. அவர் போனதும் தாழ் போட்டது நன்றாக நினைவிருந்தது. விரலால் கீழே தள்ளினாள். நேற்று மதியம்.

'இங்க ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா?'

'ம்ம். சரி.'

நேற்று மதியம் அவள் மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல் பிடரி குளிர்ந்தது. சார்ஜர் கேட்டு வந்த மாடி வீட்டு அக்கா என்று நினைத்து, நூல் அறுந்துவிடுமே என்று தலை தூக்காமல் 'சரி' சொன்னாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. அக்கா எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று விட்டுவிட்டாள். இப்போது சுவரைப் பார்த்தாள். சார்ஜர் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று காலைக்குத் தள்ளினாள்.

'குழந்தைய நான் பாத்துக்கட்டுமா?'

'சரி சரி.'

'எனக்கே குடுத்துடறியா?'

'சரி.'

'தூங்கினதும் எடுத்துக்கறேன்.'

'சரி.'

அதற்குப் பிறகு கடைசியாக அந்தக் கேள்வி. 'தூங்கிட்டாளா?' அவளுடைய 'ம்ம்.'

ஸ்டூல் சாய்ந்து விழுந்ததைத் தரையின் அதிர்வில்தான் உணர்ந்தாள். உள்ளறைக்கு ஓடினாள். ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் துண்டு சுற்றி, குழந்தை இருந்தது. இருந்தது! அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அதே எடை. சின்ன முகம் கழுத்தில் புதைந்தது. போன உயிர் திரும்பி வந்தது. துண்டைத் தலைவரைக்கும் போர்த்தும் வழக்கம் தனக்கு இல்லை என்பது மனதின் ஒரு ஓரத்தில் தட்டியது. அதை நிறுத்திப் பார்க்க அப்போது நேரமில்லை.

அறையின் நடுவில் நின்று, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"முடியாது! நான் ஒத்துக்கல! எனக்குக் காதுல விழல, தெரியாம சொல்லிட்டேன்! எம் புள்ளைய யாருக்கும் தரமாட்டேன்!"

கையிலிருந்த போன் அவள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது. எழுதிவிட்டுக் காத்திருந்தது. பதில் வரவில்லை.

பிறகு போன் அதிர்ந்தது.

'குழந்தை அழுகிறது.'

கத்தியதில் விழித்துவிட்டாள் போலிருக்கிறது. "இல்லடா தங்கம், ஒண்ணுமில்லடா" என்று முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கை மெல்ல நின்றது.

மகள் அழுதால் அவளுக்குத் தெரியும். அந்தக் குட்டி நெஞ்சு மெஷின் மாதிரி உதறும், தன் நெஞ்செலும்புவரை வந்து அதிரும். மகளின் குரல் என்று அவள் அறிந்தது அந்த அதிர்வைத்தான்.

இப்போது அது இல்லை. தோளில் இருந்தது அசையவில்லை.

'குழந்தை அழுகிறது.'

நீல வட்டம் பெரிதாக இருந்தது. போனைத் தோள் பக்கம் கொண்டுபோனாள். சுருங்கியது. தொட்டில் பக்கம். இன்னும் சுருங்கியது. கூடத்தின் பக்கம் நீட்டினாள்.

பெருத்தது.

கூடத்துக்கு ஓடினாள். தாழ்ப்பாள் விலகியிருந்தது. வாசல் கதவு ஒரு சாண் திறந்து, மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வட்டம் சுருங்க ஆரம்பித்தது. படியிறங்கிப் போவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக.

தோளில் இருந்ததை இறக்கிவிட்டு ஓடப் பார்த்தாள். முடியவில்லை. சின்ன விரல்கள் அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்தன. பிரிக்கப் பிரிக்க இறுகின.

வட்டம் பட்டன் அளவானது. ஊசிமுனை அளவானது.

'வரேம்மா.'

வட்டம் அணைந்தது.

கதவைப் பிடித்தபடி நின்றாள். கழுத்தில் புதைந்திருந்த முகம் மெல்ல நிமிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் மூச்சு பட்டது. ஈரமாக. சில்லென்று.

நீல வட்டம் திரை முழுவதும் பெருத்தது.

'அம்மா.'