ஏரிக்கரையில் வெந்த கோணல் கேக்

மூன்று மணிக்கு ஸ்டூடியோவுக்குள் வந்த பெண்ணின் கையில், துண்டால் மூடிய தகர டின் ஒன்று இருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவள் என்று நினைத்து போட்டோக்காரர் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"படம் வேண்டாம்ணே. அளவம்மாவைப் பாக்கணும்," என்றாள் அவள். "அஞ்சு மணிக்கு என் தம்பியைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடும்."

அளவம்மா என்று ஊரே அழைப்பது போட்டோக்காரரின் மாமியாரை. தராசும் எடைக்கல்லும் சோதிக்கும் இலாகாவில் முப்பது வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவர் கடைத்தெருவில் நடந்தால் வியாபாரிகள் தராசை ஒரு தடவை துடைத்து வைப்பார்கள். ஊரில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவருக்குப் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் மாப்பிள்ளைக்கு அப்படியொரு குஷி. கல்யாணமான புதிதில் மாமியாரின் நிழலைக் கண்டே நடுங்கியவர், இப்போது அவர் செருப்பை மாட்டுவதற்குள் வாசலில் நிற்கிறார்!

அளவம்மா வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவளும் தம்பியும் வாடகைக்கு வீட்டு வண்டி ஒன்றை எடுத்து ஊர் ஊராகப் போகிறவர்கள். படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, ஓவன் எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே உண்டு. அக்கா கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுச் சந்தையில் விற்பாள், தம்பி வண்டி ஓட்டுவான். நேற்றுச் சாயங்காலம் ஏரிக்கரை மைதானத்தில் வந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் அதே கம்பெனியின் இன்னொரு வண்டி நின்றது. இரண்டுமே நீலக்கோடு போட்ட சந்தன நிற வண்டிகள்.

இன்று பத்தரை மணிக்கு மலைவளைவில் அப்படியொரு வண்டி பால்காரரின் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பால்காரருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. நிறத்தையும் கோட்டையும் தவிர அவர் எதையும் பார்க்கவில்லை. ஊரில் அப்படி இருப்பது இந்த இரண்டே வண்டிகள்தான். பன்னிரண்டு மணி மழையில் டயர் தடம் கரைந்துவிட்டது. வாடகை வண்டிகள் என்பதால் இரண்டுக்கும் உடம்பெல்லாம் பழைய கீறல்.

"பக்கத்து வண்டிக்காரர் சமையல் வீடியோ போடறவர்மா. காலையிலேர்ந்து கேக் சுட்டுட்டு இருந்தேன்னு அழகா ஒரு கேக்கை எடுத்து இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டிட்டார். என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? தூங்கினேன்னான்! நான் மூணு தடவை போன் பண்ணியும் எடுக்கலை. யார் நம்புவா?"

"அப்போ உங்க தம்பி தூங்கலையா?" என்றார் அளவம்மா.

"மேல் அலமாரியைத் திறந்தா இது இருந்துச்சு." அவள் துண்டை எடுத்தாள். "நாளைக்கு எனக்குப் பிறந்தநாள். முதல் தடவையா அவனே சுட்டிருக்கான். கையெல்லாம் மாவு, எப்படிப் போன் எடுப்பான்? அந்த மும்முரத்துல பக்கத்து வண்டி நின்னுச்சா போச்சான்னுகூட அவன் கவனிக்கலை. எனக்குத் தெரியக்கூடாதுன்னு தூங்கினேன்னு சொல்லித் தொலைச்சிட்டான். இப்போ நிஜத்தைச் சொன்னா, 'பக்கத்துக்காரரைப் பாத்து நீயும் ஒண்ணு தயார் பண்ணிட்டியா'ன்னு இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். லைசென்ஸ் போச்சுன்னா எங்களுக்குப் பொழைப்பே இல்லம்மா. அதைவிட, அடிபட்டவரை நடுரோட்டுல விட்டுட்டு ஓடினவன்னு என் தம்பிக்குப் பேர் வரக் கூடாது. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

போட்டோக்காரர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். கேக் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். ஓர் ஓரத்தில் பிறைபோல் கருகல். சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் ஒரு பார்வை பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"நீங்க எத்தனை மணிக்கு வெளியே போனீங்க?" என்று கேட்டார் அளவம்மா.

"சந்தையில இடம் கேக்க ஒன்பதரைக்குப் போனேன். பதினொண்ணேகாலுக்குத் திரும்பிட்டேன். போகும்போது ஆறு முட்டை இருந்தது. வந்து பாத்தா ரெண்டு."

"இந்த அளவு கேக் வேக எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்குக் குறையாது."

"மைதானத்துலேர்ந்து அந்த வளைவு?"

"போக அரை மணி, வர அரை மணி."

அளவம்மா டின்னை மெதுவாகத் திருப்பினார். "சக்கரத்துக்குக் கீழே கட்டை வைக்கலையா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போன ஊர்லயே மறந்துட்டு வந்துட்டோம்மா. நீங்களும் வீட்டு வண்டியில இருந்திருக்கீங்களா?"

"இல்லை. தராசோட இருந்திருக்கேன்," என்று சொல்லி அளவம்மா எழுந்தார்.

ஏரிக்கரை மைதானத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே திசை பார்த்து, ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. அக்கா வண்டிக்குள் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். மேடைக்குக் கீழே ஓவன், மேலே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி. கரண்டிகள் காந்தப்பட்டையில் ஒட்டியிருந்தன. மாவு டப்பாக்கள் உருளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை ஒழுங்கா என்று போட்டோக்காரர் வாயைப் பிளந்துகொண்டே படம் எடுத்தார். மூலையில் ஆறடித் தம்பி தலையைக் குனிந்தபடி நின்றான்.

அளவம்மா கேமராவை வாங்கிப் பார்த்தார். "மாப்பிள்ளை, ஏரி சாய்ஞ்சு இருக்கே."

போட்டோக்காரருக்கு மானமே போயிற்று. "மேடையை ஒட்டி நேராத்தானே பிடிச்சேன் அத்தை!" ஆனால் படத்தில் மேடை நேராக இருந்தது, ஏரிதான் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அளவம்மா "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து ஓவனுக்குள் கையை விட்டுப் பார்த்தார். தீ எரியும் குழாய் பின்சுவரை ஒட்டி இருந்தது.

பிறகு பக்கத்து வண்டிக்குப் போனார்கள். வீடியோக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அவருடைய கேக் கண்ணாடித் தட்டில் இருந்தது. உருண்டையான அழகு, சுற்றிலும் ஒரே பொன்னிறம். அளவம்மா முந்தானையிலிருந்து ஒரு நூலை எடுத்து நான்கு பக்கமும் உயரம் பார்த்தார். நாலும் ஒன்றே.

"கை நிறையத் திறமை உங்களுக்கு," என்றார். "இந்த ஓவன்லயா சுட்டீங்க?"

"இதேதாம்மா. எல்லாம் பழக்கம்தான்."

"வண்டி இங்கேயேதான் நின்னுச்சா?"

"நேத்து நிறுத்தினதுதான். இம்மியளவும் நகரலை!"

"ரொம்ப சந்தோஷம். நாலரைக்கு அந்த வண்டிக்கு டீ குடிக்க வாங்க. இன்ஸ்பெக்டரும் வர்றார்."

நாலரை மணிக்கு அந்தச் சின்ன வண்டிக்குள் அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அளவம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் டீயை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, மேடைமேல் வைத்தார்.

"டீயைப் பாருங்க. இடது பக்கம் விளிம்பைத் தொடுது, வலது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு. இந்த மைதானம் இடது பக்கம் சரிவு. வண்டி சாய்ஞ்சா டம்ளர் சாயும், டீ சாயாது. கேக் மாவும் ஓவன்ல வைக்கும்போது தண்ணிதானே? அதுவும் தன் மட்டத்துக்குத்தான் நிக்கும். அப்படியே வெந்து இறுகிப் போயிடும்."

தம்பியின் டின்னை எடுத்தார். "தீ இந்த ஓவனுக்குப் பின்னால இருக்கு. அதனால கருகின ஓரம்தான் பின்பக்கம். கருகலைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வைக்கிறேன். மாப்பிள்ளை, இப்போ ஒரு படம் எடுங்க."

போட்டோக்காரர் கண்ணைக் கேமராவில் வைத்தார். இந்தத் தடவை ஏரி நேராகத் தெரியும்படி கேமராவைப் பிடித்தார். அவ்வளவுதான், அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடை சாய்ந்திருந்தது, டின் சாய்ந்திருந்தது, டம்ளரும் சாய்ந்திருந்தது. ஆனால் ஜன்னலில் ஏரியின் கோடு, டம்ளரில் டீயின் கோடு, டின்னில் கேக்கின் கோடு மூன்றும் துளிகூடப் பிசகாமல் ஒரே மட்டம். இத்தனை பேரும் கோணல் என்று சிரித்த கேக் அந்தப் பெரிய ஏரியோடு சேர்ந்து நேராக இருந்தது!

"அத்தை!" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை நகர்த்திவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"இது இந்த இடத்துலதான் வெந்தது," என்றார் அளவம்மா. "ஒன்பதரை வரைக்கும் அக்கா உள்ளே இருந்தாங்க, பதினொண்ணேகாலுக்குத் திரும்பிட்டாங்க. நடுவுல இருக்கிறது நூத்தி அஞ்சு நிமிஷம். கலக்க இருபது, வேக அறுபது. மலைவளைவுக்குப் போய்வர அறுபது நிமிஷம் எங்கே இருக்கு? வண்டி ஓடும்போது சுட்டிருந்தா மாவு குலுங்கி அமுங்கிப் போயிருக்கும், இப்படி ஒரே மட்டமா நின்னிருக்காது."

பிறகு வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க வண்டியும் இதே சரிவுலதான் நிக்குது, இதே ஓவன்தான். உங்க கேக் மட்டும் நாலு பக்கமும் ஒரே உயரம், ஒரு ஓரம்கூடக் கருகலை. அது எப்படி?"

வீடியோக்காரரின் பல் மறைந்தது. "நான்... சக்கரத்துக்குக் கட்டை வச்சு மட்டம் பண்ணியிருந்தேன்."

"இப்போ கட்டை இல்லையே. சக்கரத்துக்கு அடியிலேர்ந்து எடுக்கணும்னா வண்டியை நகர்த்தணும். இம்மியளவும் நகரலைன்னீங்க."



"சமைக்கிறவங்க வீட்டு வண்டியை நிறுத்தினதும் முதல்ல மட்டத்தைத்தான் பாப்பாங்க," என்றார் அளவம்மா. "வாணலியில எண்ணெய் ஒரு பக்கமா ஓடுறதைப் பாக்காம யாரும் இங்கே ஒரு வேளை சமைக்க முடியாது. உங்களுக்கு இந்தச் சரிவே தெரியலை. ஏன்னா நீங்க இந்த அடுப்பைப் பத்த வச்சதே இல்லை."

வீடியோக்காரர் அப்படியே படுக்கையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு முட்டை உடைக்கக்கூட வராதும்மா," என்றார். "எல்லாம் கடையில வாங்கறதுதான். டவுன்ல கேக் வாங்கிட்டு அவசரமாத் திரும்பினேன். நின்னிருந்தா கடைப் பெட்டியைப் பாத்திருப்பாங்க. நாப்பதாயிரம் பேர் என்னைப் பாக்கறாங்கம்மா..."

"நாப்பதாயிரம் பேர் உங்களைப் பாக்கட்டும். ரோட்டுல கிடந்தவரை நீங்க ஒருத்தர் பாத்திருக்கலாமே."

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பிக் கூட்டிப் போனார். போகிற போக்கில் தம்பியின் தோளைத் தட்டி, "சாட்சியில ஒரு துண்டு ஸ்டேஷனுக்கு எடுத்து வைப்பா. மீதியை நீங்க சாப்பிடுங்க, எங்களுக்குப் படம் போதும்," என்றார்.

தம்பிக்கு இன்னும் தலை நிமிரவில்லை. "நாளைக்குக் கொடுக்கலாம்னு இருந்தேன்க்கா. கோணிப் போச்சேன்னு ஒளிச்சு வச்சேன். இரு, மேட்டை மட்டும் சீவி நேராக்கிடறேன்." அவன் கத்தியை எடுத்தான்.

அக்கா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.

"அது மேல கத்தி வச்சே, தொலைச்சுடுவேன்! இது நேராத்தான்டா இருக்கு."