காதில் நிற்காத ஹெட்போன்

சில்லுவின் அம்மா செய்யும் வேலையைச் சொன்னால் பள்ளியில் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா ஓடுவாள், குதிப்பாள், கரடுமுரடான பாதையில் சைக்கிள் ஓட்டுவாள். அப்போது காதில் மாட்டிய ஹெட்போன் விழுகிறதா, நிற்கிறதா என்று பார்ப்பாள். அவ்வளவுதான் வேலை.

“விளையாடுறதுக்குச் சம்பளமா!” என்று வகுப்பே வாயைப் பிளக்கும்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தெரியும். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவாள். நடுவில் நின்று, “இந்தப் படியெல்லாம் யாருடி காலையில இருந்ததைவிட உயரமாக்கினது?” என்பாள்.

அன்று பள்ளி விடுமுறை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் சில்லுவும் அம்மாவோடு வந்திருந்தாள். முன்பல்லின் ஓரம் உடைந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய மேடு. அம்மா ஒரு பக்கமாகச் சைக்கிளை மிதித்து ஏறி, மறுபக்கம் கல்லும் குழியுமான சரிவில் தடதடவென்று இறங்கவேண்டும். அடிவாரத்தில் மடக்கு மேசை போட்டுப் பொறியாளர் காத்திருப்பார். அந்தப் புது ஹெட்போன் அவர் உருவாக்கியது. கம்பி கிடையாது. ஒவ்வொரு காதிலும் ஒரு குமிழைச் செருகி, அதன் கொக்கியைக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். பல நாளாகச் சரியாகத் தூங்காததால் அவர் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

அம்மா தடதடவென்று இறங்கி வந்து நின்றாள். ஒரு காதில் ஹெட்போன் இருந்தது. இன்னொரு காது காலி.

“மறுபடியுமா!” பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கேம்மா விழுந்துச்சு?”

“தெரியல சார். காது மரத்துப்போச்சு. இருக்கா இல்லையான்னே தெரியல.”

“அந்தப் பெரிய குழியிலதான் விழுந்திருக்கும். கொக்கியை இன்னும் கொஞ்சம் இறுக்குறேன்.”

காலையிலிருந்து அவர் இறுக்கிக்கொண்டேதான் இருந்தார். அம்மாவின் காது சிவந்து வீங்கியிருந்தது.

“இன்னைக்கு முடியலன்னா நாளைக்கும் வரணும்மா,” என்றார், கேட்கக் கூச்சப்பட்டவராக. மறுநாள் அம்மாவுக்கு விடுமுறை. அம்மா தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

இதற்கு முன் விழுந்ததெல்லாம் அம்மாவின் சட்டை மடிப்பிலேயே சிக்கி வந்துவிட்டது. இந்த முறை தேடி எடுப்பது சில்லுவின் பொறுப்பு. பெரிய குழியில் தேடினாள். இல்லை. சின்னக் குழியில் தேடினாள். அங்கேயும் இல்லை. அலுத்துப்போய் மேட்டின் உச்சிவரை நடந்தாள். அங்கே, சமதரையில், புல்லுக்குள் கிடந்தது ஹெட்போன்!

‘இங்கே குழியே இல்லையே. சைக்கிள் குலுங்கவே குலுங்காதே!’

ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, மறுபடி உச்சிக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். இந்த முறை என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அம்மா ஏறி வந்தாள். சைக்கிள் ஆமை மாதிரி ஊர்ந்தது. முகமெல்லாம் வியர்வை. உச்சியைத் தொட்டதும் ‘ஹா... ஹா...’ என்று வாயை அகலத் திறந்து மூச்சு வாங்கினாள்.

டொப். ஹெட்போன் புல்லில் விழுந்தது. அது தெரியாமலே அம்மா சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

சில்லு அதை எடுத்துத் துடைத்துத் தன் காதில் செருகினாள். தலையை ஆட்டினாள், குதித்தாள். அசையவில்லை. பிறகு அம்மா மாதிரியே வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினாள். குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து வந்தது.

அவள் ஒரே ஓட்டமாகக் கீழே வந்தாள்.

“சார், காதுக்குள்ள விரலை விட்டுக்கிட்டு வாயைத் திறந்து மூடுங்க!”

பொறியாளர் விழித்தார். ஆனாலும் செய்து பார்த்தார். விரலைக் காதில் விட்டு, வாயை ஆகாயத்தைப் பார்த்துப் பிளந்துகொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, அவ்வளவு களைப்பிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உள்ளே அசையுதே!” என்றார் அவர்.

“ஆமா சார். அம்மாவுக்கு மூச்சு வாங்கும்போதுதான் விழுது. குழியில விழல. நான் கண்ணால பார்த்தேன்.”

பொறியாளர் மெதுவாக உட்கார்ந்தார். “ஆபீஸ்ல ஒரு ரப்பர் தலை இருக்கு. அதுல மாட்டி, மெஷின்ல வச்சு நாள் முழுக்கக் குலுக்கினேன். விழவே இல்ல.”

“அதுக்கு எப்படி சார் மூச்சு வாங்கும்?”

அவர் அம்மாவைப் பார்த்தார். “அப்படித்தானான்னு உறுதிப்படுத்தணும். இன்னும் ஒரே ஒரு தடவை...”

அம்மா பெருமூச்சோடு சைக்கிளைப் பிடித்தாள். சில்லு குறுக்கே வந்து நின்றாள்.

“அம்மாவால முடியாது சார். கால் நடுங்குது பாருங்க. நீங்களே ஒரு தடவை போய்ட்டு வாங்களேன்.”

“சில்லு!” என்று அம்மா அதட்டினாள்.

“இல்லம்மா, அவ சொல்றது நியாயம்தான்.” பொறியாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அவர் பாதி மேடு மிதித்தார். மீதிப் பாதிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உச்சியில் அவர் வாயைப் பிளந்தபோது இரண்டு காதிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஹெட்போன் விழுந்தது. அவரும் புல்லில் மல்லாந்து விழுந்தார்.

“விழுந்துடுச்சும்மா!” அவர் கத்தியது அடிவாரம்வரை கேட்டது. அதில் சந்தோஷம்தான் அதிகம்.

நொண்டிக்கொண்டே இறங்கி வந்தவர், “இறுக்கி இறுக்கி உங்க காதைத்தான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா,” என்றார். “குமிழை மெத்துனு பண்ணணும். வாய் அசைஞ்சா அதுவும் கூடவே அசையணும். அதுக்கு ரொம்ப நாள் ஆகும். நாளைக்கு நீங்க வரவேண்டாம்.” பிறகு சில்லுவிடம் குனிந்து, “இந்த மேட்டை உங்க அம்மா எப்படித்தான் ஏறுறாங்க?” என்று கேட்டார்.

“எனக்கும் தெரியல சார்,” என்றாள் சில்லு.

வீடு வந்ததும் அம்மா தரையிலேயே படுத்துவிட்டாள். சில்லு பஞ்சைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, அம்மாவின் காதில் மெல்ல ஒற்றினாள். பிறகு அவளும் பக்கத்தில் சாய்ந்தாள்.

“பசிக்குதாடி?”

“பசிக்குது. ஆனா எழுந்திரிக்க முடியல.”

“எனக்கும்தான். நீ முதல்ல எழுந்திரி.”

“நீ எழுந்திரிம்மா. நாளைக்கு உனக்குத்தான் லீவு.”

முதலில் யார் எழுந்திருப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இருவரும் தூங்கிப்போனார்கள்.